விழுந்த அன்றைக்கே எக்ஸ்ரே: வன்னியில் வயதான ஒருவரின் இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன செய்வது

மார்கழி மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தா. அவவுக்கு 74 வயது. தூக்கி வந்து கட்டிலில் கிடத்தினோம். "ஒண்டும் உடையேல்லை பிள்ளை, சுளுக்குத்தான்" என்றா. நாங்களும் நம்பினோம். எண்ணெய் பூசினோம், புக்கை கட்டினோம், முறிவு நெரிவு பார்க்கிற பரியாரியாரைக் கூப்பிட்டோம். நாலாம் நாள்தான் எக்ஸ்ரே எடுத்தோம். தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது.

அந்த மூன்று நாளில் நாரியடியில் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. நெஞ்சில் சளியும் கட்டியது. சளி தெளியும் வரை மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று சத்திரசிகிச்சை இன்னும் ஒரு கிழமை தள்ளிப் போனது. எல்லாம் எங்கள் அறியாமையால் வந்தது. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருந்து நான் பட்ட அலைச்சலை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது விழுந்தால் அந்த மூன்று நாளும் வீணாகக் கூடாது.

1. விழுந்தவுடன்: தூக்காதீர்கள், தடவாதீர்கள்

முதலில் காலைப் பாருங்கள். விழுந்த பக்கத்துக் கால் மற்றதைவிடக் கட்டையாகத் தெரிகிறதா? பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கிறதா? படுத்தபடி குதிக்காலை நிலத்திலிருந்து தூக்க முடியவில்லையா? கவட்டுக்குள் நோகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் முறிவு என்றே எடுத்துக்கொண்டு நடவுங்கள்.

எல்லோரும் ஏமாறுவது ஒரு இடத்தில்தான். முறிந்த எலும்பு ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றால் சிலர் நொண்டி நொண்டி நடப்பார்கள். "நடக்கிறா, அப்ப உடையேல்லை" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவார்கள். பிறகு அந்தச் செருகல் விலகலாம். விலகினால் முறிவு பெரிதாகிவிடும். சிலருக்கு முழங்காலில்தான் நோவு தெரியும், உண்மையில் முறிந்தது இடுப்பாக இருக்கும்.

இருவர் கமக்கட்டில் பிடித்துத் தூக்கி நிறுத்துவது கூடாது. ஆட்களைச் சேர்த்து, பலகையிலோ கழற்றிய கதவிலோ மெதுவாக மாற்றுங்கள். இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு தலையணை வையுங்கள். எண்ணெய் தடவி உருவி விடுவதும் காலை இழுத்துப் பார்ப்பதும் வேண்டாம். தலை அடிபட்டதா என்று கேளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை குடிப்பவர் என்றால் தலையில் சின்ன அடி பட்டாலும் ஆபத்துத்தான்.

பரியாரியாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களின் கைப்பக்குவத்தில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் பத்தும் கட்டும் அதை ஒட்டாது. முறிவினால் அந்த எலும்பின் தலைக்குப் போகிற இரத்த ஓட்டமே அறுந்துபோகலாம். யாரிடம் காட்டுவதானாலும் எக்ஸ்ரே எடுத்த பிறகு காட்டுங்கள்.

2. 1990க்கு எடுங்கள்

1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வடக்குக்கு 2018இல் வந்தது. காணியும் பாதையும் விளங்கச் சொல்லுவதுதான் உங்கள் வேலை. உள்ரோட்டு வீட்டுக்கு இலக்கம் சொல்லி யாரும் வந்து சேரமாட்டார்கள். கோயில், பள்ளிக்கூடம், குளக்கட்டு, சந்தி என்று அடையாளம் சொல்லுங்கள். மழைக்கு எந்தப் பாதை வெள்ளத்தில் மூடியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். சந்தியில் ஒருவரை ரோச் லைட்டுடன் நிறுத்துங்கள்.

ஓட்டோவில் குந்த வைத்துக் கொண்டு போகாதீர்கள். முறிந்த இடுப்பை மடக்கி இருத்தி, கிரவல் ரோட்டில் குலுக்கிக் கொண்டு போனால் அந்த வலியே ஆளை விழுத்திவிடும். அம்புலன்ஸ் கிடைக்காவிட்டால் நீட்டிக் கிடத்தக்கூடிய வான் பிடியுங்கள்.

அம்புலன்ஸ் கிட்டிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகும். அங்கு எக்ஸ்ரே இல்லாமலும் இருக்கலாம், எலும்பு சத்திரசிகிச்சை நிபுணர் இல்லாமலும் இருக்கலாம். அங்கிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளுக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். இந்த மாற்றத்துக்கு 1990 வராது. அனுப்புகிற ஆஸ்பத்திரியின் அம்புலன்ஸ்தான் போக வேண்டும். "எங்கே அனுப்புகிறீர்கள், அங்கே எலும்பு வைத்தியர் இன்று கடமையில் இருக்கிறாரா, பேசிவிட்டீர்களா" என்று பணிவாகக் கேளுங்கள். எங்களை அனுப்பிய இடத்தில் நிபுணர் லீவில் இருந்தார். அங்கே இரண்டு நாள் போனது.

3. பையில் இருக்க வேண்டியவை

இதை இன்றைக்கே ஒரு பிளாஸ்ரிக் கோப்பில் போட்டு வையுங்கள். விழுந்த பிறகு தேடினால் அகப்படாது.

அடையாள அட்டையும் அதன் இரண்டு போட்டோக் கொப்பியும். கிளினிக் கொப்பி, பழைய டயக்னோசிஸ் காட் (ஆஸ்பத்திரியால் விடும்போது தரும் அட்டை) எல்லாம். குடிக்கிற குளிசைகள் அத்தனையும் அட்டையோடு. மிச்சம் இரண்டு குளிசைதான் கிடந்தாலும் அட்டையை எறியாதீர்கள், பெயர் அதில்தான் இருக்கிறது. பழைய எக்ஸ்ரே, எக்கோ (இதய ஸ்கான்) அறிக்கை. ஒவ்வாத மருந்து இருந்தால் அதன் பெயர். மூக்குக்கண்ணாடி, பல்செட், காது கேட்கும் கருவி.

குளிசைகளின் பெயரையும் அளவையும் உங்கள் கிளினிக் வைத்தியரிடம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கி வையுங்கள். இரவில் வாட்டில் நிற்கும் வைத்தியருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அந்த ஒரு தாள் அரை மணி நேர விளக்கத்தை மிச்சம் பிடிக்கும்.

குளோபிடோகிரெல், வோபரின், அஸ்பிரின் போன்ற, இரத்தம் உறையாமல் இருக்கும் குளிசை குடிப்பவர் என்றால் அதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். முதுகில் ஊசி போட்டு விறைக்க வைப்பதா, எப்போது சத்திரசிகிச்சை செய்வது என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. நீங்களாக அவற்றை நிறுத்தவும் கூடாது.

4. எக்ஸ்ரேயும் செல் துண்டும்

முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போவதுண்டு. "எலும்பு நல்லாயிருக்கு" என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகும் கால் ஊன்ற முடியவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள். திரும்பப் போய்ச் சொல்லுங்கள். சிடி ஸ்கானோ எம்ஆர்ஐ ஸ்கானோ எடுத்துப் பார்ப்பார்கள்.

எம்ஆர்ஐ என்றால் எங்கள் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை இருக்கிறது. அது பெரிய காந்தம். 2009இலும் அதற்கு முன்னும் சண்டையில் காயப்பட்ட எத்தனையோ பேரின் உடம்பில் இன்னும் செல் (எறிகணை) துண்டு கிடக்கிறது. வயதானவர்கள் அதை மறந்தே போய்விட்டார்கள், அல்லது புதிதாக வந்த வைத்தியரிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். கண், தலை, முள்ளந்தண்டுக்குக் கிட்ட இருக்கும் இரும்புத் துண்டு அந்தக் காந்தத்தில் அசைந்தால் பெரும் சேதம் வரும். படிவத்தில் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். எக்ஸ்ரேக்கும் சிடிக்கும் இந்தப் பிரச்சினை இல்லை.

எக்ஸ்ரே படத்தையோ அது பதிந்த இறுவட்டையோ கேட்டு வாங்கி நீங்களே வைத்திருங்கள். மாற்றும்போது அது வழியில் தவறினால் மறுபடி எடுக்க வேண்டிவரும்.

5. ஒப்பரேசன்: நேரமும் செலவும்

ஆளின் உடல்நிலை இடம் கொடுத்தால் முறிந்து 36 முதல் 48 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது என்பதுதான் வைத்தியர்களின் பொதுவான கணக்கு. படுக்கையில் போகிற ஒவ்வொரு நாளும் நியூமோனியா, காலில் இரத்தக்கட்டி, சிறுநீர்த் தொற்று, படுக்கைப் புண் என்று ஒவ்வொன்றாக வரும். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஒரு வருடத்துக்குள் இறப்பவர்கள் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. இதைப் பயமுறுத்த எழுதவில்லை. "வயசுபோன ஆள், ஒப்பரேசன் தாங்காது, அப்படியே கிடக்கட்டும்" என்று உறவினர்கள் அன்பினால் சொல்லும்போது, அப்படியே கிடப்பதுதான் பெரும்பாலும் கூடிய ஆபத்து என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கழுத்தில் முறிந்து விலகியிருந்தால் பந்து போன்ற எலும்புத் தலையை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பார்கள். அதற்குக் கீழே முறிந்தால் தகடும் ஆணியும், அல்லது எலும்புக்குள் கம்பி.

நாள் தள்ளிப் போவதற்கு நான் பார்த்த காரணங்கள்: எக்கோ எடுக்க முறை வராதது, சீனி கூடியிருப்பது, இரத்தம் குறைவு, நெஞ்சுச் சளி, உள்ளே வைக்கும் சாமான் கையிருப்பில் இல்லாதது. "எதற்காகக் காத்திருக்கிறோம்" என்று ஒவ்வொரு காலையும் கேளுங்கள். காரணம் தெரிந்தால் உங்களால் செய்யக்கூடியதும் தெரியும்.

அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனால் சாமான் இல்லாதபோது வெளியே வாங்கச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் பெயர், வகை, அளவு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். பில் இல்லாமல் யார் கையிலும் காசு கொடுக்காதீர்கள். பெரிய தொகை என்றால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு கொழும்புக்குப் போக வேண்டும். 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். வைத்தியரின் கடிதம், விலைக்கூறு, அடையாள அட்டை, குடும்ப வருமானத்துக்கு ஜீ.எஸ்ஸின் (கிராம சேவகரின்) உறுதிப்படுத்தல் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு போங்கள். சாமான் வாங்குவதற்கு முதலே போங்கள். வாங்கிவிட்டுப் பில்லோடு போய் நிற்பவர்களை நான் அங்கே கண்டேன்.

எங்கள் கணக்குக் கொப்பியில் கூடிய செலவு மருந்துக்கு அல்ல. வீடு திரும்ப வான் 18,000 ரூபாய், கொமட் கதிரை 17,000, வோக்கர் 8,500. அதற்கு மேல் பம்பர்ஸ், கூட நின்றவரின் சாப்பாடு, பஸ் காசு, ஒரு மாதம் போகாமல் விட்ட கூலி வேலை.

6. வாட்டில் கூட நிற்பவர்

பெண்கள் வாட்டில் இரவில் பெண் ஒருவர்தான் நிற்கலாம். இதை முன்கூட்டி யோசியாமல் தம்பியை மட்டும் அனுப்பினோம், அவன் இரவு முழுக்க வெளியே மரத்தடியில் இருந்தான். நிற்பதற்கு வாட்டுப் பொறுப்பு மிஸ்ஸிடம் (தாதியிடம்) அனுமதித் துண்டு வாங்க வேண்டும். குறைந்தது இரண்டு பேர் மாறி மாறி நிற்க ஒழுங்கு செய்யுங்கள்.

ஒப்பரேசன் முடிந்த இரண்டாம் இரவு அம்மா என்னை அடையாளம் காணவில்லை. "பங்கருக்கை இறங்குங்கோ, கிபிர் வருது" என்று, சண்டைக் காலத்தில் குண்டு போட்ட விமானத்தைச் சொல்லிக் கத்தினா. ஊசி போட்டிருந்த குழாயைப் பிடுங்கினா. எனக்குக் கை கால் விறைத்துவிட்டது. அவவுக்கு மூளை பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். வயதானவர்களுக்கு எலும்பு முறிந்த பிறகு இந்தக் குழப்பம் அடிக்கடி வரும், பெரும்பாலும் தற்காலிகமானது என்று மறுநாள்தான் ஒரு வைத்தியர் இருத்தி வைத்து விளக்கினார். வலி, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், தொற்று, உடம்பில் உப்புக் குறைவு, நித்திரைக் குளிசை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். உடனே மிஸ்ஸிடம் சொல்லுங்கள். கையைக் கட்டச் சம்மதிக்காதீர்கள். கண்ணாடியைப் போட்டு விடுங்கள், கையைப் பிடித்துக்கொண்டு இது எந்த இடம், இன்று என்ன நாள், பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சண்டைக்குள் வாழ்ந்தவர்களுக்கு அந்த இரவுகள்தான் திரும்பி வருகின்றன. "அப்படி ஒண்டும் இல்லை, பேசாமல் படு" என்று அதட்டாதீர்கள். அம்மா ஐந்து நாளில் தெளிந்தா.

பிசியோ வந்து மறுநாளே எழுப்பி நிறுத்தப் பார்ப்பார். "பாவம், நோகுது, நாளைக்குப் பாப்பம்" என்று தடுக்காதீர்கள். நோவு மருந்தை பிசியோ வருவதற்கு அரை மணிக்கு முன் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

7. துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவதற்கு முன் வீட்டை ஆயத்தப்படுத்துங்கள்

டயக்னோசிஸ் காட்டை வாசிக்காமல் வாட்டை விட்டு வெளியே வராதீர்கள். இவற்றைக் கேட்டு எழுதுங்கள்: என்ன சாமான் வைத்தார்கள், காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம், தையல் எப்போது வெட்டுவது (பெரும்பாலும் 10 முதல் 14 நாள்), அடுத்த கிளினிக் திகதி என்ன, இரத்தக்கட்டிக்கு மருந்து எத்தனை நாள்.

உலோகப் பந்து வைத்தவர்கள் வைத்தியர் சொல்லும்வரை நிலத்தில் குந்தக் கூடாது, பாயில் இருக்கக் கூடாது, காலுக்கு மேல் கால் போடக் கூடாது. மூட்டு கழன்றுவிடும். எங்கள் வீடுகளில் கக்கூசும் குந்துகிற கக்கூசு, சமையலும் நிலத்தில், சாப்பாடும் நிலத்தில். ஆகவே கொமட் கதிரையும், முழங்கால் உயரத்துக்குக் குறையாத கட்டிலும், கைபிடி உள்ள கதிரையும் வீட்டுக்கு வரும் முதலே இருக்க வேண்டும். வோக்கரை வாங்குவதற்கு முன் உயரத்தை பிசியோவிடம் காட்டுங்கள். காசு போதாவிட்டால் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் எழுதிக் கொடுங்கள். யாழ்ப்பாணத்தில் உள்ள ஜெய்ப்பூர் நிலையத்திலும் நடக்க உதவும் சாதனங்கள் பற்றிக் கேட்கலாம். தொடர்ந்து பயிற்சி தேவைப்படுவோருக்கு மாங்குளத்தில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. அங்கே அனுப்பக் கடிதம் தரும்படி கிளினிக்கில் கேளுங்கள்.

கெண்டைக்கால் திடீரென வீங்கிச் சூடாக இருந்தாலோ, மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டாலோ, காயம் சிவந்து நீர் வடிந்தாலோ, கால் திடீரெனக் கட்டையானாலோ கிளினிக் நாள் பார்க்காமல் அன்றைக்கே கொண்டு போங்கள்.

8. எலும்புக்கு மருந்து கேளுங்கள்

எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான். இடுப்பு முறிவதற்கு இரண்டு வருடத்துக்கு முன் ஆடு இழுத்து விழுந்து அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள், ஆறு கிழமையில் கழற்றினார்கள், நாங்களும் அதை மறந்தோம். வயதான ஒருவர் நின்ற நிலையில் விழுந்து ஒரு எலும்பு முறிந்தால் எலும்பே பலமிழந்திருக்கலாம் என்று அர்த்தம். அன்றைக்கே யாராவது எலும்பைப் பலப்படுத்த மருந்து கேட்டிருந்தால் இடுப்பு தப்பியிருக்கலாம்.

ஆகவே கிளினிக்கில் நீங்களாகக் கேளுங்கள்: "எலும்பு மெலிவுக்கு மருந்து தொடங்க வேண்டுமா?" டெக்சா ஸ்கான் என்ற ஒன்றால் எலும்பின் அடர்த்தியை அளப்பார்கள். அதில் வரும் டி ஸ்கோர் என்ற எண் -2.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் எலும்பு மெலிவு நோய். ஆனால் வயதானவருக்கு இப்படி விழுந்து இடுப்பு முறிந்திருந்தால் அந்த ஸ்கானுக்குக் காத்திராமலே மருந்து தொடங்கலாம்.

அலென்ட்ரோனேட் என்ற குளிசை கிழமைக்கு ஒன்று தருவார்கள். அதைக் குடிக்கும் முறை தவறினால் தொண்டைக் குழாய் புண்ணாகும், மருந்தும் உடம்பில் சேராது. காலையில் வெறுவயிற்றில், ஒரு பெரிய கோப்பை வெறும் தண்ணீருடன். தேத்தண்ணி கூடாது. அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் சாப்பிடக் கூடாது. கல்சியம் குளிசையை அதனோடு சேர்க்கக் கூடாது. நிமிர்ந்து இருக்க முடியாதவருக்கு வேறு மருந்து கேளுங்கள். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் அதிகம். சிறுநீரகம் பழுதானவருக்கு இந்தக் குளிசை பொருந்தாமல் போகலாம், ஆகவே இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டுங்கள். நோவுக்கென்று பார்மசியில் டைக்குளோபினாக் வாங்கி நாள்கணக்கில் கொடுப்பதும் சிறுநீரகத்துக்குக் கேடு.

யாருக்கு எலும்பு கூடுதலாக மெலியும்? மாதவிடாய் நின்ற பெண்கள், மெலிந்த உடம்பு, பெற்றோருக்கு இடுப்பு முறிந்தவர்கள், புகைப்பவர்கள், மது குடிப்பவர்கள், நீரிழிவோ தைரொயிட் நோயோ உள்ளவர்கள், கால் இழந்து செயற்கைக் காலோடு நடப்பவர்களின் அந்தப் பக்க எலும்பு. மூன்று மாதத்துக்கு மேல் பிரெட்னிசொலோன் என்ற ஸ்ரெரொயிட் குளிசை குடித்தவர்களும் இதில் சேர்வார்கள். இழுப்புக்கும் மூட்டு நோவுக்கும் அதைக் குடிப்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். திடீரென நிறுத்தாமல், வைத்தியரிடம் சொல்லி எலும்புக்கும் மருந்து கேளுங்கள். ஆள் உயரம் குறைந்து கூனிக்கொண்டு வருகிறார் என்றால் முதுகெலும்பு சத்தமில்லாமல் நசிந்திருக்கலாம்.

சாப்பாட்டில் குரக்கன், எள்ளு, தயிர், முள்ளோடு தின்னும் நெத்தலி, முருங்கையிலை. 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. முட்டையும் மீனும் பருப்பும் குறையாமல் கொடுங்கள், தசை இல்லாமல் எலும்பு மட்டும் ஆளைத் தாங்காது.

9. அடுத்த முறை விழாமல்

கிணற்றடிப் பாசியை மாரி தொடங்க முதல் தேய்த்துக் கழுவி, சொரசொரப்பாகச் சீமெந்து பூசுங்கள். கக்கூசுக்குப் போகும் வழியில் லைட்டும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் போடுங்கள். இரவில் வெளியே போகத் தேவையில்லாதபடி கட்டிலடியில் கொமட் கதிரை. தேய்ந்த செருப்பை எறிந்துவிடுங்கள். ஆட்டுக்கயிற்றை வயதானவர் கையில் கொடுக்காதீர்கள்.

பிரசர் குளிசை குடிப்பவரை படுக்கையில் ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் இன்னொருமுறை பிரசர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், எழும்பும்போது வரும் தலைச்சுற்று ஆளை விழுத்தலாம். மூத்திரம் போக வைக்கும் குளிசையை இரவில் அல்லாமல் காலையில் குடிக்கலாமா என்று கேளுங்கள். கண்ணில் பூ விழுந்திருந்தால் கண் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.

அம்மா இப்போது வோக்கரைப் பிடித்துக்கொண்டு முற்றத்து வேப்பமரம் வரை நடக்கிறா. கிணற்றடிக்குப் போக விடுவதில்லை. தண்ணி தொட்டியில் நிரம்பி வாசலுக்குக் குழாயில் வருகிறது. அந்தக் குழாயும் தொட்டியும் போட எங்களுக்கு இரண்டு நாள் வேலைதான் பிடித்தது.